புயல் வந்துபோன பிறகு அரசுக்கு எத்தனை மார்க்? நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஐப்பசி பிறந்தாச்சு. கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்குகிற நேரம். கூடங்குளம், இடிந்தகரை, பெருமணல், கூத்தங்குழி, உவரி என்று ராதாபுரம் கடற்கரை முழுக்க இனி ரெண்டு மாசத்துக்கு எல்லாருடைய கண்ணும் வானத்தைத்தான் பார்க்கும். இப்போ வானத்தோட சேர்த்து கையில் இருக்கிற போனையும் பார்க்கிறோம். "புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்று ஒரு செய்தி வந்தால் போதும், பத்து வாட்ஸ்அப் குழுவில் பத்து விதமாகச் சுற்றும்.

புயல் கடந்த மறுநாள் டீக்கடையில் வழக்கமான வாக்குவாதம் ஆரம்பமாகும். "அரசு பிரமாதமா செஞ்சது" என்பார் ஒருவர். "ஒண்ணுமே செய்யலை" என்பார் இன்னொருவர். ரெண்டு பேரும் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தங்கள் தெருவில் கரண்ட் வந்ததா, டிவியில் யார் வந்தார்கள் என்பதை வைத்துத்தான்.

ஒரு மாநில அரசின் புயல் தயார்நிலையையும் நடவடிக்கையையும் மதிப்பிட அதைவிட நம்பகமான வழி இருக்கு. எட்டுக் கேள்விகள், ஒரு ஸ்மார்ட்போன், கொஞ்சம் பொறுமை. இவ்வளவு இருந்தால் போதும்.

எதற்காக மார்க் போடணும்?

2017 நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் முற்பகலில் அது குமரிக் கடலில் ஒக்கி புயலாக மாறிவிட்டது. ஏறக்குறைய ஒரே நாள்தான் இடைவெளி. அதற்குப் பல நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போன படகுகள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தன. செல்போன் சிக்னல் அங்கே எட்டாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்துபோனார்கள் அல்லது திரும்பி வரவே இல்லை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். நாடாளுமன்ற உள்துறை நிலைக்குழு 2018-ல் ஒக்கி பற்றியே தனி அறிக்கை கொடுத்தது.

அதனால் மார்க் போடுவது குறை சொல்வதற்காக மட்டும் இல்லை. எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அந்தக் கண்ணியை மாற்ற முடியும். மக்கள் கேட்டதால் மாறிய விஷயங்கள் நிறைய இருக்கு.

முதலில் மூன்று விஷயம் தெளிவாகட்டும்

ஒன்று: தயார்நிலை வேறு, புயலுக்குப் பிந்தைய நடவடிக்கை வேறு. ரெண்டும் தனித்தனித் தேர்வு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். அன்று காலையில் எதிர்க்கட்சியே பாராட்டியது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்த டெல்டா கிராமங்களில் குடிதண்ணீரும் கரண்டும் வர நாளாக ஆக, பல இடங்களில் மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். முதல் பேப்பரில் நல்ல மார்க், ரெண்டாவது பேப்பரில் குறைவு. ரெண்டையும் கூட்டி ஒரே வரியில் "நல்லது, கெட்டது" என்று சொன்னால் உண்மை தெரியாமல் போகும்.

ரெண்டு: புயலின் பலத்தையும் அரசின் வேலையையும் பிரித்துப் பாருங்கள். புயல் பலவீனமாக வந்து சேதம் இல்லாமல் போனால் அது அதிர்ஷ்டம், அதை நல்ல நிர்வாகம் என்று சொல்ல முடியாது. கடும் புயலிலும் உயிர்ச்சேதம் குறைந்தால் அங்கேதான் வேலை தெரியும். ஒடிசாவில் 1999-ல் வந்த சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே மாற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட 14 வருஷத்தில் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்களும் ஊர்தோறும் நடத்திய ஒத்திகைகளும்தான் அந்த வித்தியாசம்.

மூன்று: யாருக்கு எந்த வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். வானிலை முன்னறிவிப்பு தருவது இந்திய வானிலை ஆய்வு மையம். கடலில் தேடுவது கடலோரக் காவல்படையும் கடற்படையும். இவை மத்திய அரசின் அமைப்புகள். அந்த முன்னறிவிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோவது, மக்களை மாற்றுவது, முகாம் நடத்துவது, மின்சாரம், குடிநீர், அணை, கணக்கெடுப்பு, நிவாரணம் எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். தப்பான ஆளுக்குத் தப்பான மார்க் போட்டால் கேள்வியும் தப்பான வாசலுக்குத்தான் போகும்.

எட்டுக் கேள்விகள்

ஒவ்வொரு கேள்விக்கும் "ஆம்" என்றால் 2, "பாதி" என்றால் 1, "இல்லை" என்றால் 0. முதல் நான்கும் புயலுக்கு முன். அடுத்த நான்கும் புயலுக்குப் பின். ரெண்டு பகுதிக்கும் தனித்தனியாக 8 மார்க்.

கேள்வி 1: எச்சரிக்கை எப்போது வந்தது? புரிகிற மாதிரி இருந்ததா?

வழக்கமாக புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும். கரை கடக்க சுமார் 72 மணி நேரம் இருக்கும்போது முன்கூட்டிய கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்த பிறகு என்ன ஆகும் என்ற அறிவிப்பு. ஒக்கி நம் கரைக்குப் பக்கத்திலேயே உருவாகி வேகமாக வலுத்ததால் இந்தக் கால அட்டவணைக்கே இடம் இல்லாமல் போனது. தென்கோடியில் வாழ்கிற நாம் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது. நம்ம பக்கம் 72 மணி நேரம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் குறைந்த அவகாசத்திலும் ஓடக்கூடிய ஏற்பாடு இருக்கா என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இன்னொரு பாடம் 2023 டிசம்பர் 17, 18-ல் கிடைத்தது. அப்போது வந்தது புயலே இல்லை. குமரிக் கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. பெயர்கூட வைக்கவில்லை. ஆனால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. எச்சரிக்கை போதவில்லை என்று ஒரு தரப்பும், முன்கூட்டியே சொன்னோம் என்று மறுதரப்பும் பேசின. இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் வகையே கிடையாது. 21 செ.மீ.க்கும் அதே சொல், 95 செ.மீ.க்கும் அதே சொல், அதே சிவப்பு நிறம்.

அதனால் எச்சரிக்கை வந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த ஊர், எத்தனை மணிக்குள், என்ன செய்யணும்" என்று சொன்னதா என்று கேளுங்கள். "ரெட் அலர்ட்" என்பது தகவல். "ஆற்றோரத் தெருவில் இருப்பவர்கள் மாலை 6 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்" என்பதுதான் எச்சரிக்கை.

கேள்வி 2: கடைசி ஆள் வரை போய்ச் சேர்ந்ததா?

நம்ம கடற்கரையில் கோயில் மைக்கில் ஒரு அறிவிப்பு சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும். கூடங்குளம் மாதிரி உள்ளூரில் தண்டோராவும் ஆட்டோ ஒலிபெருக்கியும் உண்டு. போனில் எஸ்எம்எஸ், எச்சரிக்கை ஒலியோடு வரும் அவசரச் செய்தி, "டிஎன் அலெர்ட்" செயலி எல்லாம் வந்தாச்சு. இவ்வளவும் கரையில் இருப்பவருக்கு. இந்தக் கேள்வியின் பாதி மார்க் கடலில் இருப்பவருக்கானது.

படகில் வயர்லெஸ் இருந்ததா, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவி இருந்ததா, அது வேலை செய்ததா? கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மீன்வளத் துறையிடம் அன்றைக்கே இருந்ததா? ஒக்கியின்போது பெரிய குழப்பமே இந்த எண்ணிக்கையில்தான் வந்தது. பட்டியல் இல்லாவிட்டால் தேடவும் முடியாது, பிறகு நிவாரணம் கொடுக்கவும் முடியாது. கேரளத்திலோ கர்நாடகத்திலோ போய்ப் படகேறுகிற நம்ம ஊர் ஆட்களின் பெயர் யார் கணக்கில் வரும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

காது கேளாதவர், தனியாக வாழும் முதியவர், செங்கல் சூளையில் தங்கி வேலை பார்க்கிற வெளிமாநிலத் தொழிலாளி, காற்றாலைப் பணிக்கு வந்தவர், இவர்களுக்குப் போனதா? ஒரு தெருவில் ஒரு வீடு விடுபட்டாலும் "பாதி"தான்.

கேள்வி 3: தங்குமிடம் உண்மையிலேயே தயாராக இருந்ததா?

பட்டியலில் "பள்ளிக்கூடம், திருமண மண்டபம், புயல் பாதுகாப்பு மையம்" என்று இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் பூட்டு தொங்கலாம். சாவி யாரிடம் என்று தெரியாமல் இருக்கலாம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: சாவி, கழிப்பறை, குடிநீர், ஜெனரேட்டர், பெண்களுக்குத் தனி இடம், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், ஆடு மாடு கட்ட ஒரு இடம். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். ஆட்டை விட்டு வர மனசில்லாமல் வீட்டிலேயே தங்குகிறவர்கள் நிறையப் பேர்.

கூடங்குளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அணுமின் நிலையத்துக்கான வெளிப்புற அவசரகாலத் திட்டம் தனி ஏற்பாடு. அதையும் புயல் திட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் எந்தச் சாலை வழியாக வெளியேறுவது, எங்கே கூடுவது என்ற கேள்வி ரெண்டுக்கும் பொதுவானது. பதில் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கணும்.

கேள்வி 4: மழைக்கு முந்தின வேலை மழைக்கு முன்பே முடிந்ததா?

வாய்க்கால் தூர்வாருவது, குளக்கரையைப் பலப்படுத்துவது, மின்கம்பியில் உரசும் கிளையை வெட்டுவது, பாலத்தின் அடியில் அடைத்த அமலைச் செடியை எடுப்பது. இதெல்லாம் செப்டம்பருக்குள் முடியணும். வறண்ட பூமியான ராதாபுரத்தில் "இங்கே எங்கே வெள்ளம்" என்று குளத்து மடைகளை யாரும் கவனிப்பதில்லை. மேற்குமலையில் பெய்தால் அனுமன் நதியும் நம்பியாறும் ஒரே ராத்திரியில் பெருகும் என்பது 2023-ல் மறுபடி நினைவுக்கு வந்தது.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் மழைக்கு முன்பு எவ்வளவு இடம் விட்டு வைத்தார்கள், தண்ணீர் திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு கரையோர மக்களுக்குச் சொன்னார்கள்? 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் நெல்லையில் இன்னும் இருக்காங்க. அவர்களைக் கேட்டால் அந்த சில மணி நேரம் எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள்.

கேள்வி 5: முதல் 24 மணி நேரத்தில் உதவி வந்ததா?

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். ஒரு பகுதியினர் வெளியேற, மீதிப் பேர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவு போட்டு, மீட்புப் படை வந்து அனைவரையும் வெளியே கொண்டுவர 19-ம் தேதி ஆனது. அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்போது சமைத்துக் கொடுத்தார்கள்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் தெரியுது. முதல் 24 மணி நேரத்தில் உதவி பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். அதனால் அரசு அந்தப் பக்கத்து வீட்டாரைத் தயார்ப்படுத்தியதா, படகு, கயிறு, டார்ச், பயிற்சி கொடுத்ததா என்று பாருங்கள். ரெண்டாவது, மீட்புப் படையும் படகும் மழைக்கு முன்பே மாவட்டத்துக்குள் வந்து நின்றதா, இல்லை சாலை அறுந்த பிறகு கிளம்பியதா? புறப்பட்ட நேரத்தைப் பார்த்தாலே மார்க் தெரிந்துவிடும்.

இது நம்ம நாட்டுக் கதை மட்டும் இல்லை. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. முன்னறிவிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தது கரை கடப்பதற்கு முந்தின நாள். கார் இல்லாத ஏழைகள் எப்படி வெளியேறுவார்கள் என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செயற்கைக்கோளும் பணமும் இருந்தும், பஸ் வராததால் தோற்றார்கள்.

கேள்வி 6: கரண்ட், தண்ணி, ரோடு, டவர் எத்தனை நாளில் திரும்பின?

இங்கே நாள் கணக்கு மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து குடிநீர் மோட்டார், அடுத்து செல்போன் டவர், அப்புறம் வீடுகள். இந்த வரிசையில் நடந்ததா? மெயின் ரோட்டுக்கு மறுநாளும் கடற்கரைத் தெருவுக்குப் பத்தாம் நாளும் வந்தால் மார்க் குறையும். உங்கள் தெருவுக்கு வந்த நாளை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் ஊரின் கடைசித் தெருவுக்கு வந்த நாளைக் குறியுங்கள்.

கேள்வி 7: நிவாரணம் சரியான ஆளுக்கு, சொன்ன தேதிக்குள் போனதா?

2023 டிசம்பரில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், மற்ற பகுதிகளில் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். உயிரிழப்புக்கு 5 லட்சம், சேதமடைந்த குடிசைக்கு 8,000, இறந்த மாட்டுக்கு 37,500, முழுதாகப் போன கட்டுமரத்துக்கு 50,000, சேதமடைந்த வலைக்கு 15,000 என்பது அப்போது அறிவித்த அளவு. அடுத்த பேரிடரில் தொகை மாறலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

கணக்கெடுக்க யார் வந்தார், என்றைக்கு வந்தார்? பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்களா? பெயர் விடுபட்டால் மேல்முறையீடு எங்கே? வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கிடைத்ததா? பொருள் போனது அவருக்குத்தானே! ரேஷன் கார்டு வேறு ஊரில் இருப்பவர் என்ன செய்தார்?

மீனவக் குடும்பங்களுக்கு இன்னொரு கடினமான கேள்வி உண்டு. கடலில் காணாமல் போனவர் இறந்ததாகக் கருத, சட்டப்படி பொதுவாக ஏழு வருஷம் ஆகணும். உடல் கிடைக்காத வீட்டில் இறப்புச் சான்று இல்லை. சான்று இல்லாததால் காப்பீடு இல்லை, விதவை உதவித்தொகை இல்லை. பேரிடர் காலத்தில் அரசு நினைத்தால் இந்த விதியைத் தளர்த்தி உத்தரவு போட முடியும். அதை எவ்வளவு சீக்கிரம் செய்தது என்பது இந்தக் கேள்வியின் முக்கால்வாசி மார்க்.

கேள்வி 8: அடுத்த வருஷத்துக்கு என்ன மாறியது?

கடைசிக் கேள்வி, அதிகம் மறந்துபோகிற கேள்வி. புயல் முடிந்து ஆறு மாசம் கழித்துத்தான் இதற்கு மார்க் போட முடியும். சாய்ந்த கம்பத்தை அதே இடத்தில் அதே மாதிரி நட்டார்களா, பலமாக நட்டார்களா? உடைந்த குளக்கரையில் மணல் மூட்டையோடு விட்டார்களா, கட்டினார்களா? மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் மாவட்டத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எந்த வருஷம் போட்டிருக்கு என்று பாருங்கள். அதில் இருக்கிற அதிகாரிகளின் போன் எண் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒன்றிரண்டுக்கு அடித்துப் பாருங்கள்.

போனில் ஆதாரம் சேர்ப்பது எப்படி?

மார்க் போட நினைவு மட்டும் போதாது. "சாயங்காலம் சொன்னாங்க" என்பதும் "மாலை 4.40-க்கு எஸ்எம்எஸ் வந்தது" என்பதும் வேறு வேறு.

• எச்சரிக்கை வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நேரம், தேதி தெரியணும்.
• மழைக்காலத்துக்கு முன்பே வீடு, படகு, வலை, மாடு, தென்னை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். சேதத்துக்குப் பிந்தின படம் எல்லாரிடமும் இருக்கும். முந்தின படம்தான் கணக்கெடுப்பின்போது கை கொடுக்கும்.
• கேமராவில் இருப்பிடம் பதிவாகும் வசதியை ஆன் செய்து வையுங்கள்.
• ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ சேமியுங்கள்.
• உதவி எண்ணுக்கு அழைத்தால் நேரத்தையும் மனு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.
• அடுத்தவர் அனுப்பிய வீடியோவை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு புயலுக்கும் பழைய வீடியோ புதுப் பெயரில் சுற்றும். நீங்கள் எடுத்தது மட்டும் உங்கள் கணக்கு.

படம் எடுக்கக் கடற்கரைக்கோ ஆற்றுக்கோ போக வேண்டாம். எந்த மார்க்கும் உயிரைவிடப் பெரிசு இல்லை.

மார்க் போட்டாச்சு, எங்கே சொல்வது?

கிராம சபை: வருஷத்தில் ஆறு நாள் நடக்கும். அக்டோபர் 2-ம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ம் மழைக்காலத்துக்குச் சரியான நாட்கள். முகாமின் சாவி, விடுபட்ட பெயர், தூர்வாராத மடை எல்லாவற்றையும் அங்கே தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானம் புத்தகத்தில் நிற்கும்.

ஆட்சியர் அலுவலகம்: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

முதல்வரின் முகவரி: 1100-க்கு அழைத்தோ இணையத்திலோ மனு பதியலாம். மனு எண்ணை வைத்து எந்த நிலையில் இருக்கு என்று போனிலேயே பார்க்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் சரியாக வேலை செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "ராதாபுரம் வட்டத்தில் எந்தெந்த முகாம், எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, எத்தனை பேர் தங்கினார்கள்? பதிவேட்டின் நகல் தருக" என்று கேட்டால் வரும். எப்போதும் பதிவேட்டையும் தேதியையும் கேளுங்கள்.

போனில் இப்போதே சேமிக்க வேண்டிய எண்கள்

மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம்: 1070
மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077
கடலில் ஆபத்து, கடலோரக் காவல்படை: 1554
கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
எல்லா அவசரத்துக்கும்: 112
ஆம்புலன்ஸ்: 108
மின்தடை, அறுந்த கம்பி, மின்னகம்: 94987 94987

மார்க் போடும்போது நியாயமாக இருங்க

சேதம் பார்க்க யார் வந்தார், யார் வரவில்லை என்பதற்கு இந்தத் தாளில் கேள்வியே இல்லை. நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதற்கும் இல்லை. போன புயலுக்கு வேறு ஆட்சியாக இருந்தாலும் அதே எட்டுக் கேள்வியைத்தான் கேட்கணும்.

மார்க் நல்லா இருந்தாலும் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க கம்பம் ஏறின மின்வாரியத் தொழிலாளி, தன் வீட்டில் தண்ணீர் புகுந்திருந்தும் முகாமைத் திறந்து வைத்த கிராம நிர்வாக அலுவலர், இவர்கள் வேலையும் அந்த மார்க்கில்தான் இருக்கு. பாராட்டும் ஒரு பதிவுதான். அது இருந்தால் அடுத்த வருஷமும் அதே மாதிரி நடக்கணும் என்று கேட்க முடியும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் ஊர்த் தங்குமிடத்துக்கு நடந்து போய், சாவி யாரிடம் இருக்கு என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் கேள்வி 3-க்கு முதல் மார்க்கைப் போட்டுவிடலாம். வராவிட்டால் நவம்பர் 1 கிராம சபையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்களிடம் தயார்.